யாரிட்டச் சொல்லுறது?

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கிற நேரம் வாசியுங்கள். திட்டுவதென்றாலும் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஊரில் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லாத ஒரு வேலை உண்டு. கடிதம் எழுதிக் கொடுப்பது. வாய்க்கால் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, ஒழுங்கை முனையில் யாரோ இரவில் வந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறவரின் காணி பற்றையாகிப் பாம்பு வருகிறது என்று வருவார்கள். விஷயத்தை எழுத ஐந்து நிமிடம் போதும். மேலே யாருடைய பதவியைப் போடுவது என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். "சேர், இதை யாரிட்டச் சொல்லுறது?" என்று கேட்பார்கள். பல்கலைக்கழகத்து மதிலோடு குடியிருக்கிற ஊர் எங்களுடையது. இங்கேயே இதற்குச் சட்டென்று பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

பெயர்களிலேயே குழப்பம் தொடங்குகிறது. பிரதேச சபை ஒன்று, பிரதேச செயலகம் இன்னொன்று. முதலாவது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கும் இடம். இரண்டாவது மத்திய அரசாங்கத்தின் உத்தியோகத்தர் இருக்கும் இடம். அவருக்கு மேலே மாவட்டச் செயலாளர், அவருக்கு மேலே கொழும்பில் அமைச்சு. விதானையார் இந்த இரண்டாவது பக்கத்து ஆள். யாழ். மாவட்டத்தில் உள்ளூராட்சி சபைகள் 17, பிரதேச செயலகங்கள் 15, கிராம அலுவலர் பிரிவுகள் 435. எல்லைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நல்லூர்ப் பிரதேச செயலகத்தின் கீழே வருகிற இடங்களில் ஒரு பகுதி மாநகர சபைக்குள், மிச்சம் நல்லூர்ப் பிரதேச சபைக்குள். திருநெல்வேலியில் இருக்கிற நாங்கள் நல்லூர்ப் பிரதேச சபைக்காரர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோ மாநகர சபைக்குள். வெளியூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்திப் பாருங்கள், சிரிப்பார்கள்.

வீதியை எடுங்கள். பலாலி வீதி கொழும்பைத் தலைமையாகக் கொண்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அவற்றில் வந்து ஏறுகிற ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. மழை பெய்தால் ஒழுங்கைத் தண்ணீர் மாகாண வீதிக் கானுக்குள் இறங்கி, பெரிய வீதி மதகுக்குக் கீழால் போகவேண்டும். தண்ணீருக்கு ஒரு வழிதான். கோவைகள் மூன்று. எங்கேயாவது ஓரிடத்தில் அடைத்தால், அந்த ஓரிடத்தைக் கண்டுபிடிக்கும் வரை மற்ற இரண்டு அலுவலகமும் "அது எங்கட பகுதி இல்லை" என்று சொல்லலாம். அப்படிச் சொல்வது பொய்யும் இல்லை. அதுதான் கவலை. பொய் சொன்னால் பிடிக்கலாம்.

டெங்கு பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஒவ்வொரு வருடமும் கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி, தை வரும்போது யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் ஏறும். வகுப்பில் இரண்டு வாங்கு காலியாகும், பிறகு நாலு. பெற்றோர் பயந்துபோய் வருவார்கள். இப்போது யார் என்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம். நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்த்து வழக்குப் போடுகிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை எல்லைக்குள் அவர் மாகாண சுகாதாரத்தின் ஆள். சிரட்டையும் பிளாஸ்ரிக் கோப்பையும் ரயரும் அள்ளவேண்டியது பிரதேச சபையின் சுகாதாரத் தொழிலாளர். பூட்டிக் கிடக்கிற வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறாரா, லண்டனில் இருக்கிறாரா, இங்கே அவருக்குப் பொறுப்பாக யார் என்பது தெரிந்தவர் விதானையார், அவர் மத்திய அரசின் ஆள். பாடசாலை வளவு வலயக் கல்வி அலுவலகத்துக்கு, அதாவது மாகாணத்துக்கு. அதே வீதியில் தேசிய பாடசாலை ஒன்று இருந்தால் அது நேரடியாகக் கொழும்புக் கல்வி அமைச்சுக்கு. பிள்ளை மோசமாகி யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அதுவும் மத்திய அமைச்சுக்கு. ஒரு நுளம்பு இத்தனை நிர்வாகத்தையும் ஒரு பின்னேரத்தில் கடந்துவிடும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பின்மதிலோடு தண்ணீர் தேங்கியது. தண்ணீர் பாடசாலைக்கு வெளியிலிருந்துதான் வந்தது. எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓர் அலுவலகம் நிதி இல்லை என்றது. இன்னொன்று, மதிலுக்கு உள்ளே என்றால் தாங்கள் வரமுடியாது என்றது. மூன்றாவது அலுவலகம் கூட்டுக் கள ஆய்வு ஒன்று தேவை என்றது. கடைசியில் பழைய மாணவர் சிலர் மண்வெட்டியோடு ஒரு சனிக்கிழமை வந்து வெட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் தேநீரும் வடையும். நல்ல விஷயம்தான். ஆனால் சோலைவரியும் கட்டி, மண்வெட்டியும் பிடித்து, வெளிநாட்டுக் காசும் சேர்த்துத்தான் ஒரு வாய்க்கால் ஓடவேண்டும் என்றால், நாங்கள் கட்டுகிற வரி எதற்கு என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் சபைக்கு மூன்று பெரிய வேலை சொல்லியிருக்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். வாசிக்க நல்ல சட்டம். அதே வருடம் பதின்மூன்றாம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. உள்ளூராட்சி மாகாணத்தின் கண்காணிப்புக்குள் போனது. பிறகு 1992இல் 58ஆம் இலக்கச் சட்டம் வந்து, பிரதேச செயலாளர்களின் கையைப் பலப்படுத்தியது. ஒரே ஊருக்கு இரண்டு வாசல் என்றானது அங்கேதான். ஒரு வாசலில் நாங்கள் தெரிவு செய்தவர், மறு வாசலில் மேலிருந்து நியமிக்கப்பட்டவர். நியமிக்கப்பட்டவர்களில் மிக நல்லவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். யுத்த காலத்தில் மக்களோடு நின்றவர்களும் அவர்கள்தான், அதை மறக்கக்கூடாது. எங்கள் முறைப்பாடு ஆட்களைப் பற்றியது அல்ல. சனத்துக்குப் பதில் சொல்லவேண்டியவரிடம் காசும் ஆளணியும் இல்லை, காசும் ஆளணியும் வருகிற இடத்துக்குச் சனத்துக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை.

தெரிவு செய்தவர் என்கிறோம், எத்தனை தடவை தெரிவு செய்தோம்? யாழ்ப்பாணத்தில் பிரதேச சபைத் தேர்தல் நடந்தது 1998, 2011, 2018, 2025. நாலே நாலு தடவை. 1987இல் சட்டம் வந்தபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளை காணும் வயது. அதற்கு முன்னர் கிராம சபைகளும் பட்டின சபைகளும் இருந்தன. அவற்றை 1981இல் கலைத்துவிட்டு மாவட்ட அபிவிருத்தி சபை என்று கொண்டுவந்தார்கள். அந்தத் தேர்தல் இங்கே நடந்தது 1981 ஜூன் 4. அந்தக் கிழமைதான் நூலகமும் எரிந்தது. ஊர்ச் சபை பற்றிப் பேசினால் எங்கள் பெரியவர்களின் முகம் ஏன் மாறுகிறது என்று இளம் ஆட்களுக்கு விளங்கவேண்டும்.

கடைசியாக என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2018இல் தெரிவான சபைகளின் காலம் நீட்டப்பட்டு 2023 மார்ச் 19 உடன் முடிந்தது. மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தலுக்குக் காசு இல்லை என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினர் இல்லாமல், செயலாளர்களைக் கொண்டே சபைகள் நடந்தன. தேர்தலை வைக்காமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்த பிறகும், வாக்குச் சீட்டைக் கையில் எடுக்க 2025 மே 6 வரை பொறுத்திருந்தோம். அந்த இரண்டு வருடத்திலும் தெருவிளக்கு பற்றிக் கேட்கப் போனவர்களுக்கு, கோபிப்பதற்குக்கூட ஒரு வட்டார உறுப்பினர் இருக்கவில்லை.

மாகாணத்தின் கதை இதைவிட மோசம். வடக்கு மாகாணத்துக்கென்று நடந்த தேர்தல் ஒன்றே ஒன்று, 2013 செப்டெம்பர் 21. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. 2018 ஒக்ரோபரிலிருந்து பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி, விவசாயம், உள்ளூராட்சி எல்லாம் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் கீழ். எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிக் கேள்வி கேட்க மாகாண சபையில் ஓர் உறுப்பினர் இல்லை. இதற்கிடையில் 1,000 தேசிய பாடசாலைகள் என்று ஒரு திட்டமும் வந்தது. மாகாணப் பாடசாலைகளைப் பெயர்ப் பலகை மாற்றிக் கொழும்புக்குக் கீழே எடுப்பது. பெற்றோரில் பலர் சந்தோஷப்பட்டார்கள், "தேசிய" என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு. மலசலகூடம் உடைந்தால் இனி எந்த அலுவலகப் படி ஏறுவது என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இங்கே ஒரு விஷயம் எங்களுக்கு நெடுநாளாக மனதில் கிடக்கிறது. எங்கள் ஊரில் அரசியல் பேசுகிறவர்கள் பதின்மூன்றாம் திருத்தம், சமஷ்டி, காணி, பொலிஸ் அதிகாரம் என்று பேசுகிறார்கள். வாய்க்கால் பற்றிப் பேசினால் சின்ன விஷயம் என்பார்கள். வாய்க்கால் பற்றிப் பேசுகிறவர்களோ, "உந்த அரசியல் எங்களுக்கு வேண்டாம், உதை முதல்ல துப்புரவாக்குங்கோ" என்பார்கள். இரண்டு கட்சியும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு நுனியில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். ஒரு கானை வெட்டும் முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம், அதற்கான காசு யாருடைய பெட்டியில், வெட்டாவிட்டால் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்: அதிகாரப் பகிர்வு என்பது கடைசியில் இந்த மூன்று கேள்வியும்தானே.

2021 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்போதைய யாழ். மாநகர முதல்வர் வி. மணிவண்ணன், நகரத்தில் குப்பை போடுகிறவர்களையும் வெற்றிலை துப்புகிறவர்களையும் கவனிக்க ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவைப் போட்டார். அவர்களின் சீருடை புலிகளின் காவல்துறை உடுப்புப் போல இருக்கிறது என்று சொல்லி, பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவரைக் கைது செய்தது. கொழும்பு மாநகர சபை ஊழியரின் உடுப்பைப் பார்த்துச் செய்தது என்று விளக்கம் சொன்னார்கள். அன்றே பிணையில் வந்தார். வெற்றிலைத் துப்பலுக்கும் பொலிஸ் அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை கேட்டவர்களுக்கு அன்று விளங்கியிருக்கும்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் சுன்னாகம். எங்களுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் சில மைல்தான். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் மறக்கவில்லை. 2014 கடைசி, 2015 தொடக்கம் என்று சனம் பவுசர் தண்ணீருக்குக் கலனோடு வரிசையில் நின்றது. மின்சாரம் மத்தியில், சூழல் அதிகார சபை மத்தியில், முதலீட்டுச் சபை மத்தியில், நீர் வழங்கல் சபை மத்தியில், சுகாதாரம் மாகாணத்தில், கிணற்றுக்காரர் பிரதேச சபையில். மாகாண சபை ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. அதன் முடிவை ஊரில் பலர் நம்பவில்லை. எண்ணெய் இருக்கிறதா இல்லையா, குடிக்கலாமா கூடாதா என்பதற்கே ஒரே வாயால் பதில் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் சூழல் அமைப்பொன்றின் தலைவர் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்கும்படி அந்த மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கிணற்றில் எண்ணெய் கண்டதிலிருந்து தீர்ப்பு வரை நாலு வருடத்துக்கு மேல்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கீழே ஓடுகிற தண்ணீருக்கு வலிகாமம் தெற்கு, நல்லூர், மாநகரம் என்ற எல்லை தெரியாது. அங்கே ஊறினது இங்கே வரும். இங்கே மலக்குழியிலும் தோட்டத்து யூரியாவிலும் இருந்து இறங்குகிறது கீழே யாருடைய கிணற்றுக்கோ போகும். அதனால் எல்லாவற்றையும் ஊர்ச் சபையிடம் கொடுத்துவிட்டால் சரி என்று நாங்கள் சொல்லமாட்டோம். தண்ணீர் மாகாண அளவில் பார்க்கவேண்டியது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களின் வயிற்றுப் பிரச்சினை. அந்த இழுபறியை ஊர்ச் சபையால் தீர்க்கமுடியாது, கொழும்பு சொன்னாலும் இரண்டு பக்கமும் ஏற்காது. தெரிவு செய்யப்பட்ட ஒரு மாகாண சபைதான் இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் இருத்தலாம். பிறகு தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர், 2024 ஓகஸ்டில் திறந்தது. நல்லது. ஆனால் கடல்நீரைக் குடிநீராக்க ஒவ்வொரு லீற்றருக்கும் மின்சாரச் செலவு உண்டு. அதற்கான கட்டணம் நாளைக்கு ஏறும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

காசு பற்றி. சோலைவரி கட்டுகிற நாங்கள் அது எவ்வளவு, எதற்குப் போகிறது என்று கேட்பது குறைவு. பிரதேச சபை அந்த வரியைத் தன் எல்லை முழுக்க அறவிட முடியாது. அபிவிருத்தியடைந்த இடம் என்று பிரகடனப்படுத்திய பகுதிகளில்தான். சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம் என்று இன்னும் சில வருமானம் உண்டு. காணி எழுதும்போது கட்டுகிற முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் ஊடாகச் சுற்றித்தான் சபைக்கு வரவேண்டும். ஆட்களின் சம்பளத்துக்கு மாகாணத்தைப் பார்க்கவேண்டும். புதிதாக ஒரு தொழிலாளி எடுக்க அனுமதி மேலிருந்து வரவேண்டும்.

மறுபக்கத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, 1974இலிருந்து நடக்கிற ஏற்பாடு, மாவட்ட, பிரதேச செயலகங்களின் வழியே வரும். 2018, 2019இல் கம்பெரலிய வந்தபோதும் அப்படித்தான் வந்தது. எத்தனை ஒழுங்கைக்குக் கல் விழுந்தது! நாங்களும் அதில் நடந்தோம், நன்றி கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒழுங்கை பிரதேச சபையுடையது, அதைப் போட முடிவெடுத்தது பாராளுமன்ற உறுப்பினரும் கொழும்பு அமைச்சும், நாளைக்குக் குழி விழுந்தால் திருத்தவேண்டியது திரும்பவும் சபை. திறப்பு விழாப் பலகையில் ஒருவர் பெயர், குழிக்கு இன்னொருவர் பொறுப்பு. ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கம் செயலகத்தோடு வேலை செய்யும், சனசமூக நிலையம் சபையோடு வேலை செய்யும். இரண்டிலும் இருக்கிற ஆட்கள் அநேகமாக ஒரே ஆட்கள்தான், தொப்பியை மாற்றிக்கொள்கிறார்கள்.

இனி எங்கள் சமூகத்தின் பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைவாசி. 1990 ஒக்ரோபர் கடைசியில் வடக்கிலிருந்து நாங்கள் போகவேண்டி வந்தது உங்களுக்குத் தெரியும். புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க, அங்கே நாங்கள் இடம்பெயர்ந்தவர்கள், இங்கே நாங்கள் இல்லாதவர்கள். எந்தச் சபையின் திட்டத்திலும் எங்கள் வாய்க்கால் இல்லை. திரும்பி வந்தவர்கள் ஐந்துசந்திப் பக்கம் இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்றார்கள். பொம்மைவெளியில் குடியேறியவர்களுக்கு மழை வந்தால் வெள்ளம். 2016இல் வடக்கு முஸ்லிம்களையும் சிங்களவர்களையும் மீள்குடியேற்றவென்று கொழும்பில் அமைச்சர்களைக் கொண்டு ஒரு செயலணி போட்டார்கள். தங்களிடம் கேட்கவில்லை என்று வடக்கு மாகாண சபை எதிர்த்தது. கேட்காமல் போட்டது பிழை. அதே நேரம், கேட்டிருந்தால் மாகாண சபை எங்களுக்கு என்ன வைத்திருந்தது என்பதையும் நாங்கள் கேட்கலாம்தானே? 2013இல் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த மேலதிக ஆசனம் இரண்டில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. நல்ல மனதுதான். ஆனால் தந்த கதிரைக்கும் வென்ற கதிரைக்கும் வித்தியாசம் உண்டு. எங்களுக்காகக் கொழும்பில் பேசுகிறவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பெருந்தன்மை காட்டுகிறவர் ஒருவர், இரண்டு பேரின் சண்டைக்கு நடுவே பொம்மைவெளி வெள்ளம். அதனால்தான் எங்களைப் போலச் சின்னத் தொகையினருக்கு வட்டாரமும் ஊர்ச் சபையும் பெரிய விஷயம். ஐம்பது வாக்கு ஒரு வட்டாரத்தின் முடிவை மாற்றும். கொழும்பில் அதை எண்ணுகிறவர் இல்லை.

"எங்கட ஆக்களிட்டக் குடுத்தா அடிபட்டே சாவாங்கள், கொழும்பு இருக்கிறதே நல்லது" என்று சொல்கிறவர்கள் உண்டு. தேநீர்க் கடையிலும் கேட்டிருக்கிறோம், ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறோம். முழுக்கத் தள்ளமுடியாத பேச்சு. 2017இல் எங்கள் மாகாண சபை தன் சொந்த அமைச்சர்கள் மீதான விசாரணையிலும் முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையிலும் மாதக்கணக்கை விட்டது. நியதிச்சட்டம் ஆக்கவேண்டிய இடத்தில் தீர்மானம் நிறைவேற்றுவது சுகமாகப் போனது. 2020 டிசெம்பரில் மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் தோற்று முதல்வர் மாறினார். இப்போதைய சபைகளிலும் பலவற்றில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை, இந்தத் தேர்தல் முறை அப்படி. ஆனால் சுன்னாகத்துக் கிணற்றை எண்ணெய்க்கு விட்டது அடிபட்ட எங்கள் சபைகள் அல்ல, அடிபடாத பெரிய அதிகார சபைகள். அடிபடுகிறவர்களை அடுத்த தேர்தலில் மாற்றலாம். அதிகார சபையின் பணிப்பாளரை நாங்கள் எங்கே மாற்றுவது?

தமிழ்நாட்டிலும் 2016இலிருந்து 2019 கடைசி வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்களைக் கொண்டு நடத்தினார்கள், எங்கள் கதை போலத்தான். அதற்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1996இல் மாநிலத்தின் திட்ட நிதியில் 35 தொடக்கம் 40 வீதத்தை ஊராட்சிகளிடம் கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், பாடசாலை, கால்நடை வைத்தியசாலை எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. கடமையை மட்டும் தள்ளிவிடாமல் உத்தியோகத்தரையும் காசையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அங்கே விஷயம். எங்கள் அரசியல் கட்சிகளில் ஒன்றாவது தன் விஞ்ஞாபனத்தில் இந்தக் கணக்கை எழுதியிருந்தால் அவர்களுக்காக வீடு வீடாகப் போயிருப்போம்.

நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. மாகாண சபைத் தேர்தலை, எல்லை நிர்ணயம் முடியாவிட்டால் பழைய முறையிலேனும், வையுங்கள். செயலகத்துக்கு வருகிற ஊர் வேலைக் காசை, சபை போடுகிற வருடாந்தத் திட்டத்துக்குள்தான் செலவழிக்கவேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். இவை கொழும்பில் நடக்கவேண்டியவை, எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறோம்.

பிரதேச சபைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்று குழுக்கள் அமைக்க இடமுண்டு. அவற்றில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பொறியியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நில அளவையாளர், விவசாயப் போதனாசிரியர் எத்தனை பேர் வீட்டு விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்போம். பல்கலைக்கழக மாணவர்களையும் மறக்கவேண்டாம். ஆயிரக்கணக்கில் இங்கே அறை எடுத்து இருக்கிறார்கள், குப்பையும் போடுகிறார்கள், இருட்டு ஒழுங்கையாலும் நடக்கிறார்கள், அநேகருக்கு வாக்கு வேறு ஊரில். அவர்களின் சங்கத்திலிருந்தும் யாராவது ஒருவர் அந்தக் குழுவுக்கு வரட்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் வெட்கப்படுத்த வரவில்லை. இந்த முறை பத்துப் பேராகப் போவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அது சபைக்கும் பொருந்தும், செயலகத்துக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் வீதி அதிகார சபைக்கும் பொருந்தும். நாங்கள் ஒரு விண்ணப்பம் தயாரித்திருக்கிறோம். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பரமேஸ்வராச் சந்தி, ஆடியபாதம் வீதி, இராமநாதன் வீதி, அவற்றில் ஏறுகிற ஒழுங்கைகள் வரைக்கும், எந்தக் கானும் எந்த மதகும் யாருடைய பொறுப்பு, கடைசியாக எப்போது துப்புரவாக்கினார்கள், இந்த வருடம் அதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற கேள்விகள்தான். நாலு அலுவலகத்துக்கும் ஒரே கேள்வி, ஒரே நாளில். நாலு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத கான் எது என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைத் தவிசாளரிடமும் எல்லாக் கட்சி உறுப்பினர்களிடமும் கொடுப்போம்.

இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்கு முன் விண்ணப்பம் போகவேண்டும். உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிற இடம், எத்தனை நாள் நிற்கிறது, பக்கத்து மின்கம்பத்தின் இலக்கம், பூட்டிக் கிடக்கிற வளவு இருந்தால் அதன் முன்பக்கப் படம், இவ்வளவையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். போன் இல்லாதவர்கள் சனசமூக நிலையத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், அதில் எழுதலாம். சோலைவரிச் சிட்டை இருந்தால் அதன் படமும் தேவை. யார் எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கப்போவதில்லை.